இவளும்

காலை உணவு மேசையில்
விடுதிக்கார அம்மாளிடம் ஃபோல்க்மார் சொன்னான்:
"மோசல் ஆற்றைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்துவிடப் போகிறேன்.
இவளும் வருகிறாள்."

முட்டை ஓட்டைத் தட்டிக்கொண்டிருந்த என் கரண்டி
அந்த 'உம்'மில் நின்றுபோனது.
அறுபத்தொரு வயதில்
ஓர் இடைச்சொல்லுக்காகச் சண்டை போடலாமா?
போடலாம்.

இந்த ஆற்றுக்கு நேராகப் போகத் தெரியாது.
பதினான்கு கிலோமீட்டர் சுற்றிவிட்டு
புறப்பட்ட ஊரின் முதுகுக்கே வந்து நிற்கும்.
நடுவில் ஒரு மலை, ஒல்லிக் கழுத்துபோல.
ஏறி இறங்கினால் மூன்றே கிலோமீட்டர்.

"நீ ஆற்றோடு போ,
நான் மலையோடு போகிறேன்,
அந்தப் பக்கத்துப் பாலத்தில் பார்ப்போம்" என்றேன்.
அவன் கையுறை மாட்டிக்கொண்டே
"பிரேக்கைப் பார்த்துக்கொள்" என்றான்.
அதையும் சண்டைக் கணக்கில்தான் வைத்தேன்.

மலை முழுக்க சிலேட்டுக் கல்.
ஒரு தேசத்துப் பள்ளிக்கூடங்களையெல்லாம் உடைத்து
இங்கே கொண்டுவந்து கொட்டினாற்போல
கறுப்பும் நீலமுமாய்ச் சரிந்து கிடந்தது.
கொடிக்கு ஒரு கழி, கழிக்கு ஒரு கொடி.
தண்டை வளைத்து
இதயம்போல் கட்டியிருந்தார்கள்.
அன்றைக்கு அந்த வடிவம் எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் கியர்.
அதற்குக் கீழே கியர் கிடையாது.
வைராக்கியம் இருக்கிறது,
அதற்கும் கீழே மூச்சு.

ஒற்றைத் தண்டவாளத்தில் இருமிக்கொண்டே
ஒரு குட்டி எஞ்சின் செங்குத்தாய் இறங்கியது,
திராட்சைப் பெட்டிகளும் நான்கு ஆட்களுமாக.
மேலிருந்து யாரோ "இலிங்கா!" என்று கூப்பிட,
திரும்பாமலே அந்தப் பெண்
எனக்கு ஒரு கொத்தை நீட்டினாள்.
தோல் புளித்தது. விதை கசந்தது.
இடையில் இருந்த கொஞ்சம்தான் இனிப்பு,
அது போதுமாயிருந்தது.

கடைசி இருநூறு மீட்டர்
இறங்கித் தள்ளினேன்.
இதை எழுதத்தான் முடிகிறது.

உச்சியில் நின்றால்
இரு பக்கமும் ஆறு.
இடப்பக்கம் விட்டுவந்த ஊர்,
நாங்கள் படுத்த அறையின் சன்னலில்
போர்வையை உதறிக் காயப்போட்டிருந்தார்கள்.
வலப்பக்கம் போய்ச்சேர வேண்டிய பாலம்.
தூரத்தில், வளைவு முடியும் இடத்தில்
மஞ்சள் மழைச்சட்டைப் புள்ளி ஒன்று.
என்னிடம் வந்து சேர்வதற்காக
என்னைவிட்டு விலகி விலகிப்
போய்க்கொண்டிருந்தான்.
ஒரு சரக்குப் படகு அவனை முந்தியது.

சிரித்துவிட்டேன்.
மலையில் யாருமில்லை, அதனால் உரக்கவே.

இறக்கத்தில் ரப்பர் கருகும் வாடை.
இரண்டாம் வளைவில் பிரேக் கம்பி கிறீச்சிட்டது.
சொன்னானே.

பாலத்தடி வீட்டுச் சுவரில்
வெள்ளம் வந்த வருடங்களைக் கோடு கிழித்து எழுதியிருந்தார்கள்.
முழங்காலளவில் ஒன்று,
என் தலைக்கு மேலே ஒன்று.
இரண்டுக்கும் நடுவில் சாய்ந்து நின்றேன்.

வந்துவிட்டான்.
நினைத்ததைவிடச் சீக்கிரம்,
கொஞ்சம் அதிகமாகவே சீக்கிரம்.
நெற்றியில் வேர்வை இல்லை.
பின்சக்கரத்தைச் சுற்றி மூன்று குளவிகள்,
ஆரக்கால்களுக்கிடையே ஒரு திராட்சை இலை,
மட்கார்டெல்லாம் பிசுபிசுவென்று சாறு.
டிராக்டரா என்று நான் கேட்கவில்லை.

அவன் என் ஷூவைப் பார்த்தான்.
கணுக்கால்வரை சிலேட்டுத் தூள்,
மிதித்து வந்தவர் காலில் ஏறாத தூள்.
அவனும் கேட்கவில்லை.

கடையில் இரண்டு கிளாஸ் ரீஸ்லிங் சொன்னோம்.
"ரெண்டு பேருமே சைக்கிளிலா?" என்றார் கடைக்காரர்.
நான் முந்திக்கொண்டேன்:
"நான் சைக்கிளில்தான்.
இவனும்."

கூடவே வந்த குளவி ஒன்று
அவன் கிளாஸில் விழுந்தது.
ஃபோல்க்மார் அதைச் சுண்டுவிரலால் ஏந்தி
மேசை விளிம்பில்
வெயில் படும் இடமாகப் பார்த்து
வைத்தான்.